ஆறு தூண்களுக்கு மட்டும்

தண்ணீருக்கு அடியில் நிற்கும் மரத்தூணைச் சுத்தியலால் தட்டினால், நல்ல மரம் அடியைக் கைக்கே திருப்பி அனுப்பும். முழங்கை வரை அதிரும். உள்ளே புழு அரித்த மரம் அப்படிச் செய்யாது. தலையணையை அடித்ததுபோல் அடியை வாங்கி வைத்துக்கொள்ளும். படகுத்துறையின் இருபத்தெட்டுத் தூண்களையும் டைவர் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே வந்தார். இருபத்திரண்டு தூண்கள் அடியைத் திருப்பித் தந்தன. ஆறு வாங்கி வைத்துக்கொண்டன.

அவர் மனைவி துறையின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை தூண்களுக்கும் மருந்து ஏற்றியவள் அவள்தான். மரக்கிடங்கில் அவளுக்கு டாக்டரம்மா என்று பெயர். மரத்துக்கு மருந்து கொடுப்பவளை வேறு என்னவென்று கூப்பிடுவது?

டைவர் முகக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "டாக்டரம்மா, உங்க பேஷண்டுல ஆறு பேரு படுத்துட்டாங்க."

"விளையாடாதீங்க."

"கழுத்தளவு தண்ணியில நின்னுகிட்டுப் பொண்டாட்டிகிட்ட விளையாட எனக்கென்ன பைத்தியமா? எட்டாம் நம்பர் உள்ளே ஒண்ணுமே இல்ல. காலிக் குடம் மாதிரி இருக்கு."

"வெளியே?"

"வெளியே கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கு. ஒரு கீறல் கிடையாது."

அவளுக்குப் புரியாமல் போனது அதுதான். எல்லாத் தூண்களும் ஒரே லாரியில் வந்தவை. ஒரே மருந்தைக் குடித்தவை. ஒரே கடலில் நிற்பவை. கெட்டுப்போன ஆறும் பக்கத்துப் பக்கத்தில்கூட இல்லை. துறையின் கடைசியில் இரண்டு, நடுவில் மூன்று, படிக்கட்டுக்கு அருகில் ஒன்று என்று சிதறிக் கிடந்தன. ஆறு தூண்களை மட்டும் யார், எப்படி, எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்?

துறைமுகப் பொறியாளர் மத்தியானம் வந்தார். நல்ல மனிதர், கோபப்படத் தெரியாதவர். அதனாலேயே அவர் சொல்வதைத் தட்டிக் கழிக்க முடியாது.

"துறையை நீட்டப் போறோம்னு உங்களுக்கே தெரியும். தூண் இறக்குற மிதவை அடுத்த வாரம் வந்துடும். அதுக்குள்ள ஏன் இப்படி ஆச்சுன்னு சொல்லுங்க. சொல்ல முடியலன்னா புது வரிசைக்கு சிமெண்ட் தூண்தான் போடணும்."

"மருந்துல குறை இல்ல சார். நானே சோதிச்சுதான் அனுப்பினேன்."

"உங்களை நான் நம்புறேன். ஆனா எட்டாம் தூண் என்னை நம்ப விடல."

சிமெண்ட் தூண்கள் வேறெங்கோ வார்க்கப்பட்டு, முழுதாகக் கப்பலில் வந்து இறங்குபவை. அவை வந்துவிட்டால் மரக்கிடங்குக்கு வேலை இல்லை. மருந்து ஏற்றும் பெரிய இரும்பு உருளையைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட வேண்டியதுதான். புது வரிசைக்கான மரங்கள் பட்டை உரிக்கப்பட்டு, காய்ந்து, கிடங்கில் தயாராகக் கிடந்தன. மரமே போதும், நான் பொறுப்பு என்று துறையை நீட்ட முடிவெடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவளும் டாக்டரம்மாதான். யாரும் அதை இப்போது ஞாபகப்படுத்தவில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அந்த வீட்டில் மூன்று பேர். டாக்டரம்மா, டைவர், டைவரின் தங்கை. தங்கைக்குப் பம்பரம் என்று பட்டப்பெயர். வீட்டின் பின்னறையில் கடைசல் இயந்திரம் வைத்து, நாற்காலிக் கால், துடுப்புப் பிடி என்று மரத்தைச் சுழலவிட்டு உருட்டிக் கடைவது அவள் வேலை. மரத்தைவிட அவள் வாய் வேகமாகச் சுழலும்.

"புழுவுக்கும் ருசின்னு ஒண்ணு இருக்காதா அண்ணி? நம்ம வீட்டுலயே பாருங்க, மூணு வகை சமைச்சா அண்ணன் ஒண்ணைத்தான் தொடுவாரு."

"மத்த ரெண்டும் நீ சமைச்சதா இருக்கும்" என்றார் டைவர்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றாள் டாக்டரம்மா. "அன்னிக்கு மருந்து நீர்த்துப் போயிருக்கும்னு வெச்சுக்குவோம். தூணுங்க ரெண்டு தடவையா உருளைக்குள்ள போச்சு. கெட்டதுல மூணு முதல் தடவை, மூணு ரெண்டாவது தடவை. மருந்து நீர்த்திருந்தா ஒரு தடவை ஏத்தினது மொத்தமும்தானே போயிருக்கணும்?"

"படகு உரசித் தோல் பேந்திருந்தா?"

"நீங்கதானே மாப்பிள்ளை மாதிரி இருக்குன்னு சொன்னீங்க?"

"சொன்னேன். வாபஸ் வாங்கிக்கிறேன்."

"வாங்காதீங்க, அது நிஜம். மேலாகக் கொறிக்கிற பூச்சியா இருந்தா தூண் இடுப்பு சிறுத்துப் போயிருக்கும். அதுவும் இல்ல. போல்ட்டு மாட்டுற ஓட்டை எல்லாம் மருந்துக்கு முன்னாடியே போட்டாச்சு, ஓட்டைக்குள்ளேயும் மருந்து ஏறியிருக்கு. அப்புறம் எந்த வழியா வந்துச்சு?"

பம்பரம் தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டரம்மா இவ்வளவு குழம்பியதற்குக் காரணம் உண்டு. அது தெரிய வேண்டுமானால் மருந்து எப்படி ஏறுகிறது என்று தெரிய வேண்டும். பிழிந்த ஸ்பாஞ்சைத் தண்ணீருக்குள் வைத்துக் கையை விட்டால் அது தானாகவே உறிஞ்சிக்கொள்ளும் அல்லவா? உருளைக்குள் நடப்பதும் அதுதான். தூண்களை உள்ளே தள்ளி, கதவை இறுக்கி, முதலில் பம்பு போட்டுக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்றும் வெளியேறிவிடும். பிறகு செம்பு உப்புக் கரைத்த மருந்தை உள்ளே விட்டு, அழுத்தம் கொடுப்பார்கள். தாகம் எடுத்த மரம் மடக்கு மடக்கென்று குடிக்கும். குடித்த இடம் பச்சை நிறமாகிவிடும். செம்பு கடற்புழுவுக்கு விஷம். பச்சையில் அது வாய் வைக்காது.

ஆனால் மரம் முழுவதும் குடிப்பதில்லை. உயிரோடு இருந்த காலத்தில் நீரை ஏற்றி இறக்கிய வெளிப்பகுதி மட்டுமே குடிக்கும். நடுவில் வைரம் பாய்ந்த பகுதி வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் ஒரு சொட்டு போகாது. ஆக, மருந்து ஏறிய தூண் என்பது மூன்று விரற்கடை கனத்தில் பச்சைச் சட்டை போட்ட வெறும் மரம்தான். சட்டை கிழியாத வரை கவலையில்லை. இந்த ஆறு தூண்களிலும் சட்டை கிழியவில்லை. உடம்பு மட்டும் காணாமல் போயிருந்தது.

"ஒண்ணைப் பிடுங்கி அறுத்துப் பாத்துடலாம் சார்" என்று மறுநாள் அவள் கேட்டபோது பொறியாளர் மறுக்கவில்லை. எட்டாம் தூண் எப்படியும் மாற்ற வேண்டியதுதான். பளுத்தூக்கிப் படகு வந்து அதைக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதுபோல் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியது.

கிடங்கின் பெரிய ரம்பம் அதை நீளவாட்டில் இரண்டாகப் பிளந்தது. வேடிக்கை பார்க்க வந்த பம்பரம் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரத்தில் பச்சைச் சட்டை சுற்றிலும் அப்படியே இருந்தது. நடுவில் விரல் கனத்தில் குழல்கள், மேலும் கீழுமாக, பின்னியும் வளைந்தும் ஓடின. ஒவ்வொரு குழலுக்கும் உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு பூசியிருந்தது. ஒரு குழல்கூட இன்னொன்றை வெட்டவில்லை.

"இவ்வளவு ஒழுங்கா நான்கூடக் கடைய மாட்டேன் அண்ணி. யாரு இந்த ஆசாரி?"

"கப்பல் புழு. பேருதான் புழு. நிஜத்துல அது சிப்பி ஜாதி. தலையில ரெண்டு சின்ன ஓடு இருக்கும். அதுதான் அதோட அரம். ராவி ராவி முன்னால போய்க்கிட்டே இருக்கும், பின்னால சுண்ணாம்பு பூசிக்கிட்டே வரும்."

"பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கவே இல்லையே. நல்ல ஜாதிதான்."

"பக்கத்துல ஆள் ராவுற அதிர்வு அதுக்குத் தெரியும். வளைஞ்சு போயிடும்."

டாக்டரம்மா குனிந்து ஒரு குழலைக் கூர்ந்து பார்த்தாள். பிறகு அடுத்ததை. பிறகு சட்டென்று நிமிர்ந்து, "சாக்பீஸ் இருக்கா?" என்றாள்.

அவள் கண்டது இது. கப்பல் புழு மரத்துக்குள் நுழையும்போது குண்டூசித் தலையை விடச் சிறியது. உள்ளே போகப் போக வளரும். வளர வளர அதன் குழலும் அகலமாகும். ஒருமுறை நுழைந்தால் வெளியே வரவே வராது. ஆகவே ஒவ்வொரு குழலும் ஒரு ஊதுகொம்பு மாதிரி: அகன்ற முனை புழு கடைசியாக இருந்த இடம், குறுகிய முனை அது உள்ளே நுழைந்த வாசல். அகன்ற பக்கத்திலிருந்து குறுகும் பக்கமாகப் போனால் வந்த வழி தெரிந்துவிடும்.

அவள் ஒவ்வொரு குழலுக்கும் பக்கத்தில், குறுகும் திசையைக் காட்டி ஓர் அம்புக்குறி போட்டாள். பம்பரம் மறு பாதியில் போட ஆரம்பித்தாள். மேலே இருந்த அம்புகள் எல்லாம் கீழே காட்டின. கீழே இருந்தவை எல்லாம் மேலே காட்டின. திருவிழாக் கூட்டம் கலைந்து போவதைப் படம் எடுத்துப் பின்னோக்கி ஓட்டினால் எல்லோரும் ஒரே வாசலுக்குத் திரும்பி வருவார்களே, அப்படி நடுவில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன.

அந்த இடத்தில், பச்சைச் சட்டைக்குக் குறுக்கே, சுண்டுவிரல் கனத்தில் ஒரு மரமுளை இருந்தது. அதன் வெளிமுகம் முழுக்க ஊசி குத்தியதுபோல் புள்ளிகள்.

"என் துளை" என்றாள் டாக்டரம்மா மெதுவாக.

மருந்து எவ்வளவு ஆழம் ஏறியிருக்கிறது என்று வெளியே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அதனால் நாலு தூணுக்கு ஒன்று வீதம், உள்ளே குடைவான கைத்துளைப்பானால் அவள் துளைத்துப் பார்ப்பாள். பென்சில் மாதிரி ஒரு குச்சி வெளியே வரும். அதில் சோதனைச் சாயம் விட்டால் செம்பு இருக்கும் பகுதி கருநீலமாகும். இல்லாத பகுதி செம்மஞ்சளாகும். நீலம் மூன்று விரற்கடைக்கு இருந்தால் தேர்ச்சி. குச்சி எடுத்த ஓட்டையை முளை அடித்து மூடிவிடுவாள்.

"அதாவது, நீ நல்லா இருக்கான்னு சோதிச்சது மட்டும்தான் கெட்டுப்போயிருக்கு. சோதிக்காதது எல்லாம் ஜம்முனு நிக்குது" என்றார் டைவர். அவருக்குச் சிரிப்பு வந்தது. மனைவியின் முகத்தைப் பார்த்து அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அது எப்படி? நாலுக்கு ஒண்ணுன்னா ஏழு தூணைத் துளைச்சேன். ஆறுதானே கெட்டிருக்கு? ஏழாவது என்ன ஆச்சு?"

"அதைக் கேட்டுட்டு வந்துடறேன்" என்று அவர் உடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது விரல்கள் முழுக்கக் கீறல். தூண்களில் படிந்திருந்த கிளிஞ்சல்களைச் சுரண்டிச் சுரண்டி முளைகளைத் தேடியிருந்தார். "கெட்டுப்போன எல்லாத்துலயும் முளை இருக்கு. ஏழாவது கரைக்குப் பக்கத்துல நிக்கிறது. அங்க தரை மேடு. தோண்டிப் பாத்தேன், முளை மணலுக்கு அடியில புதைஞ்சு போயிருக்கு. மூச்சு விடத் தண்ணி இல்லாத இடத்துக்குப் புழு எங்கேயிருந்து வரும்?"

ஏழும் கணக்கில் வந்துவிட்டது. ஆனால் பம்பரத்தின் முகம் சுருங்கிப் போயிருந்தது. முளைகளைக் கடைந்து கொடுத்தவள் அவள்தான்.

"அண்ணி, சத்தியமா அது வெறும் மரம் இல்ல. மருந்து ஏத்தின மரத்துலதான் கடையணும்னு நீங்க சொன்னீங்க. தூணுக்கு மருந்து ஏத்தி எடுத்ததும் தலையை மட்டம் பண்ணி வெட்டிப் போட்டாங்களே, அந்தத் துண்டுங்கள்லதான் கடைஞ்சேன். பச்சைத் துண்டு. நீங்களே எடுத்துக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன்டி. எனக்கும் ஞாபகம் இருக்கு."

டாக்டரம்மா சாயப் புட்டியை எடுத்து வந்து, பிளந்த தூணின் மேல் சொட்டு விட்டாள். ஓரத்துச் சட்டை கருநீலமானது. நடுப்பகுதி செம்மஞ்சளானது. முளையின் மேல் விட்ட சொட்டும், ஒரு புள்ளி நீலம்கூட இல்லாமல், செம்மஞ்சளாகவே பரவியது.

டாக்டரம்மா பம்பரத்தின் பக்கம் திரும்பிக் கேட்டாள்: "அந்தத் துண்டுல எந்த இடத்துல எடுத்துக் கடைஞ்சே?"

"நடுவுல."

"ஏன் நடுவுல?"

"ஓரத்துல வெச்சுக் கடைஞ்சா பிளந்துக்குது. அந்தப் பச்சைத் தூள் பறந்து தும்மல் வேற. நடுவுல வைரம், இரும்பு மாதிரி இருந்துச்சு, வழவழன்னு கடைய வந்துச்சு. நம்ம அண்ணி வேலையாச்சே, இருக்கறதுலயே நல்ல இடமாப் பாத்து எடுப்போம்னு..." அவள் நிறுத்திவிட்டாள். செம்மஞ்சள் வட்டத்தைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள். "வைரத்துக்கு மருந்து ஏறாதா?"

"ஏறாது."

"மரத்துக்கு மருந்து வெச்சாச்சுன்னுதானே சொன்னீங்க? சட்டைக்கு மட்டும்னு சொன்னீங்களா?"

"சொல்லல. எனக்கு அது மூச்சு விடுற மாதிரி தெரிஞ்ச விஷயம். உனக்கும் தெரியும்னு நெனச்சுட்டேன். அதோட, ஊர்ல இருக்கற மரத்துக்கெல்லாம் சொட்டு விட்டுப் பாக்கறவ, அந்த முளைக்கு ஒரு சொட்டு விட்டுப் பாக்கல பாரு."

"புழுவுக்கு வாசல் கதவை வழவழன்னு கடைஞ்சு கொடுத்த குடும்பம் உலகத்துலயே நம்மது ஒண்ணுதான்" என்றார் டைவர். இம்முறை சிரிப்பை இருமலாக மாற்ற அவர் முயலவே இல்லை. பம்பரம் முதலில் அவர் முதுகில் ஒன்று வைத்தாள்; பிறகு அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. டாக்டரம்மா தூணின் மேலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பொறியாளர் அன்று மாலையே வந்து அம்புக்குறிகளை ஒன்றுவிடாமல் பார்த்தார். சொட்டு விடச் சொல்லித் தானும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். பிறகு அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

"அப்ப இனிமே பச்சை ஓரத்துலயே முளை கடைஞ்சா போதுமா?"

"போதாது சார். மருந்து குடிச்ச மரம் காய்ஞ்சு முறுகிடும், கடையும்போது பிளந்துக்கும். அந்த விஷத் தூளை இவ மூக்குல வாங்கவும் கூடாது. அதோட, கடையக் கடையச் சட்டை போயிடும். எவ்வளவு மிச்சம் இருக்குன்னு யாருக்கும் தெரியாது."

"துளைச்சே பாக்காம விட்டுட்டா?"

"மருந்து ஏறலன்னா அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அதுவும் சரிதான்." அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப என்னதான் வழி?"

பதில் சொன்னது பம்பரம். "வரிசையை மாத்திட வேண்டியதுதான் சார். பச்சை மரத்தைக் கடையாம, கடைஞ்ச முளையைப் பச்சையாக்கிட வேண்டியதுதான். சட்டை தெச்சுப் போட்டப்புறம் யாராவது ஆளைச் செதுக்குவாங்களா?"

டாக்டரம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். "வாயாடி. சரியாத்தான் சொல்றா சார். முளை சுண்டுவிரல் கனம்தான். வைரத்துக்கு வெளியே, மருந்தைக் குடிக்கிற இளமரத்துல கடைஞ்சா ரெண்டு முனையிலயும் உறிஞ்சும். நடுவுல மருந்து போகாத இடமே இருக்காது."

அடுத்த நாள் பின்னறையில் கடைசல் இயந்திரம் ஓயாமல் சுழன்றது. மருந்து படாத வெள்ளை இளமரத்தில் பம்பரம் ஒரு கூடை முளை கடைந்தாள். துளையை விட மயிரிழை பெரிதாக, அடித்தால் இறுகிக்கொள்ளும்படி. தும்மல் ஒன்றுகூட இல்லை. டாக்டரம்மா அவற்றை ஒரு வலைப்பைக்குள் போட்டு, புது வரிசைத் தூண்களின் மேலேயே கட்டி, உருளைக்குள் தள்ளினாள். கதவு இறுகியது. பம்பு காற்றை உறிஞ்சியது. மருந்து இறங்கியது. அழுத்தமானி முள் மெல்ல ஏறி நின்றது.

மருந்து வடிந்து காய்ந்த பிறகு பொறியாளர் கையுறை மாட்டிக்கொண்டு வலைப்பைக்குள் கைவிட்டு, தனக்குப் பிடித்த முளை ஒன்றைத் தானே எடுத்தார். டைவர் அதை நீளவாட்டில் பிளந்தார். டாக்டரம்மா சொட்டு விட்டாள். நாலு பேரும் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை கருநீலம். செம்மஞ்சள் மருந்துக்குக்கூட இல்லை.

"இன்னொண்ணு" என்றார் பொறியாளர். அதுவும் நீலம். "இன்னும் ஒண்ணு பாக்கலாமா?"

"பாருங்க சார், ஆனா ஒவ்வொண்ணும் நான் கடைஞ்சது" என்றாள் பம்பரம். "எல்லாத்தையும் பிளந்துட்டா தூணுக்கு உங்க விரலைத்தான் விடணும்."

அவர் சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றினார். "மிதவையை வரச் சொல்லிடறேன். மரமே இறக்குங்க."

எட்டாம் தூணின் இடத்துக்குப் புதுத் தூண் ஒன்று போயிற்று. கெட்டுப்போன மற்ற ஐந்துக்கும் இன்னும் பாரம் தாங்கும் தெம்பு இருந்ததால், டைவர் அவற்றைச் சேற்றுமட்டம் வரை தடித்த பிளாஸ்டிக் தாளால் இறுகச் சுற்றினார். உள்ளே மாட்டிய நீர் தேங்கி, காற்று தீர்ந்து, புழு மூச்சடைத்துச் சாகும். புது வரிசைத் தூண்களை இறக்கும் முன் டாக்டரம்மா வழக்கம்போல் நாலுக்கு ஒன்றைத் துளைத்தாள், குச்சியை எடுத்தாள், நீலத்தை அளந்தாள். பிறகு ஓட்டைக்குள் செம்பு மருந்துப் பசையைத் தடவி, பச்சை முளையை அடித்து இறக்கினாள்.

முளை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அழகுக்காக அதைச் சீவிவிட டைவர் உளியை எடுத்தார். மற்ற இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தியதில் உளி கீழே விழுந்தது.

இப்போது அந்தக் கிடங்கில் வேலை நடக்கும் முறை இதுதான்: முளையை முதலில் கடைய வேண்டும், கடைந்த பிறகு, தூண்களோடு சேர்த்து அதே உருளையில் மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு அதன்மேல் உளி, அரம், ரம்பம் எதுவும் படக்கூடாது, ஓட்டையில் பசை தடவி, முளையை முழுதாக அடித்து மூட வேண்டும்.